வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் அதிக ஆம்பியர் இழுக்குமா?

வணக்கம். எங்கள் தண்ணீர் ஹீட்டரில் 230 வோல்ட், 2000 வாட் என்று பொறித்திருக்கிறது. அப்படியானால் மின்னோட்டம் 8.7 ஆம்பியர், மின்தடை சுமார் 26.5 ஓம். மாலையில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. மின்தடை மாறாது என்று வைத்துப் போட்டால் 6.8 ஆம்பியர், 1225 வாட்தான் வருகிறது. தண்ணீர் சுட நேரமாவதும் இதற்குப் பொருந்துகிறது.

எலக்ட்ரீஷியனோ, வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் அதிக மின்னோட்டம் இழுத்து வயரைக் கருக்கிவிடும் என்று அடித்துச் சொல்கிறார். அது மோட்டாருக்குத்தானே? ஹீட்டருக்குள் சூடாகும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் சில சதவீதம்தான் மாறும் என்பதால் நான் என் கணக்கையே நம்புகிறேன். (ஸ்டெபிலைசர் விற்கப் பார்க்கிறாரோ என்னவோ!)

இன்னொன்று: கிணற்று மோட்டாரின் வாட்டைக் கணக்கிட வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் போதாது, திறன் காரணியாலும் (பவர் ஃபேக்டர்: அந்தப் பெருக்கத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்ற விகிதம்) பெருக்க வேண்டும் அல்லவா? அதன் மதிப்பை வீட்டிலேயே அளக்க என்ன கருவி வாங்கலாம்?