இறும்பூது: கதையில் வைக்கலாமா?

கேள்வி: ‘அவர் இறும்பூது எய்தினார்’ என்று எழுதினால் பலர் இறுமாப்பு என்று படிக்கிறார்கள். வியப்பு கர்வமாகிவிடுகிறது. சொல்லை மாற்றுவதா?

கயல்: பொருள் தெரியாமல் நிற்கும் வாசகர் அகராதியைப் பார்ப்பார். தவறாகப் புரிந்துகொண்டவர் நிற்கவே மாட்டார், அதுதான் சிக்கல். ‘இறு’வும் அடுத்த மகரமும் பொது என்பதால் மீதியைக் கண் ஊகித்துக்கொள்கிறது. ‘எய்தினார்’ இரண்டுக்கும் பொருந்துவதால் உதவாது. வியப்புக்குக் காரணத்தை அதே வாக்கியத்தில் வையுங்கள்: ‘காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் கற்சங்கிலியை அண்ணாந்து பார்த்து, கல்லில் இப்படி வளையம் கோக்க முடியுமா என்று இறும்பூது எய்தினார்.’ இனி யாரும் கர்வம் என்று படிக்க மாட்டார்கள். இந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள், அருமையான சொல்.

மாறன்: எல்லாச் சொல்லுக்கும் இது பலிக்காது. குறள் 1113இல் ‘வெறிநாற்றம்’ நறுமணம்தான். ஆனால் இன்று ‘மல்லிகையின் நாற்றம்’ என்று எழுதினால் எந்தச் சூழலும் காப்பாற்றாது. எதிர்ப்பொருள் அன்றாடம் புழங்குகிறதே. (‘துர்’ சேர்த்துத் துர்நாற்றம் என்கிறோமே, பழைய பொருளின் தடம் அது.) அங்கே மணம் என்றே எழுதுங்கள்.

கயல்: ஒலிநூலாகப் போகும் கதை என்றால் இன்னும் கவனம். அளகு என்றால் பெட்டைக்கோழி, காதில் அழகாகிவிடும். இன்னொருவரிடம் படிக்கக் கொடுத்து, ‘புரிந்ததா?’ என்று கேட்காமல், வாக்கியத்தை அவர் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள்.