வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளை ஒன்றாக இயக்க வழி உண்டா?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வயது முதிர்ந்த என் தந்தையார் இரவில் குளியலறைக்கு எழுந்து செல்லும்போது நடைவழி விளக்கு தானாக எரிய வேண்டும் என்பதற்காக, ஒரு நிறுவனத்தின் ஸிக்பீ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லாத் தொடர்பு முறை) அசைவு சென்சாரையும் அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் ஹப்பையும், இன்னொரு நிறுவனத்தின் வைஃபை பல்புகளையும் வாங்கிப் பொருத்தினோம். தனித்தனியே இரண்டும் நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி இருப்பதால், குரல் உதவியாளரின் செயலி வழியாகத்தான் அவற்றை இணைக்க முடிந்தது. அப்பா இருட்டில் பாதித் தூரம் நடந்த பிறகே விளக்கு எரிகிறது; இணையம் இல்லாத இரவுகளில் எரிவதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்துப் பொருளாக மாற்றாமல் இதைச் சரிசெய்ய முடியுமா? பல நிறுவனக் கருவிகளுக்கும் பொதுவான நெறிமுறையான ‘மேட்டர்’ முத்திரை உள்ளதை வாங்கினால் போதுமா?

பிரிக்பீல்ட்ஸ் அன்பர்:

தாமதத்துக்குக் காரணம் சென்சாரும் அல்ல, பல்பும் அல்ல. கட்டளை போய்வரும் பாதைதான். சென்சார் கண்ட அசைவு ஹப்பிலிருந்து அதன் நிறுவனச் சர்வருக்கும், அங்கிருந்து குரல் உதவியாளரின் சர்வருக்கும், பிறகு பல்பு நிறுவனத்தின் சர்வருக்கும் சென்று, அதன் பின்னரே உங்கள் வீட்டுக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே முடியும்படி செய்தால் இரண்டு சிக்கல்களும் தீரும்.

மேட்டர் உருவானதன் நோக்கமும் அதுவே. 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளிவந்த அந்த நெறிமுறை, வைஃபை, ஈதர்நெட் (கம்பி இணைப்பு), திரெட் (ஸிக்பீ போன்ற இன்னொரு கம்பியில்லா முறை) ஆகியவற்றின் மீது இயங்கி, கருவிகளை வீட்டு நெட்வொர்க்குக்குள் நேரடியாகப் பேச வைக்கிறது; ஒரே கருவியைப் பல நிறுவனங்களின் செயலிகளோடு ஒரே நேரத்தில் இணைக்கவும் இடமளிக்கிறது. எனினும் முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். திரெட் வகைக் கருவிக்கு, அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் திரெட் பார்டர் ரூட்டர் தேவை. ஆப்பிளின் ஹோம்பாட் மினி போன்ற சில ஸ்பீக்கர்களில் அது உள்ளடங்கியிருக்கிறது. உங்கள் ஸிக்பீ சென்சார் தானாக மேட்டர் கருவி ஆகிவிடாது. அதன் ஹப் மேட்டர் பிரிட்ஜாக, அதாவது ஸிக்பீ கருவிகளை மேட்டர் கருவிகளாகக் காட்டும் பாலமாகச் செயல்பட்டால்தான் பிற செயலிகளின் கண்ணில் படும். பிலிப்ஸ் ஹியூ, ஐக்கியாவின் டிரிஜெரா போன்ற ஹப்களுக்கு அந்த வசதி உண்டு.

முழுக் கட்டுப்பாடும் வேண்டுமென்றால், பல நிறுவனக் கருவிகளையும் ஒன்றாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் நிறுவி, ஸிக்பீ சிக்னலை வாங்கும் சிறு யுஎஸ்பி குச்சியைச் செருகி, சென்சாரை அதனுடன் நேரடியாகச் சேர்க்கலாம். குச்சியை நேராக யுஎஸ்பி 3.0 துளையில் செருகாமல் நீட்டிப்புக் கம்பி போட்டுச் சற்றுத் தள்ளி வையுங்கள். அந்தத் துளையிலிருந்து எழும் இரைச்சல் ஸிக்பீ பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைக் கெடுக்கும்.

பாயான் லெப்பாஸ் (பினாங்கு):

முன்னவர் சொன்ன காரணம் சரியே. ஆனால் ஒரு நடைவழி விளக்குக்காகச் சிறு கணினியும் மென்பொருளும் தேவையில்லை என்பது என் கருத்து. அதைத் தொடர்ந்து பராமரிக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். நடைவழிக்கு மட்டும், அந்த ஹப் ஏற்கும் ஸிக்பீ பல்பு ஒன்றை வாங்கி, சென்சாருடன் அதே ஹப்பில் சேர்த்து, ‘அசைவு கண்டால் விளக்கை ஏற்று’ என்ற விதியையும் அங்கேயே எழுதுங்கள். வைஃபை பல்புகளை வரவேற்பறைக்கு மாற்றிவிடலாம். ஹப் அந்த விதியைத் தானே இயக்குகிறதா என்று பார்ப்பது எளிது: ரூட்டரை அணைக்காமல், மோடத்துக்குச் செல்லும் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு நடைவழியில் நடந்து பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீடுகளில் படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சை அணைப்பது பழகிப்போன செயல். அப்படி அணைத்தால் ஸ்மார்ட் பல்பு செத்த பல்புதான். அதோடு, மின்சாரத்தில் இயங்கும் ஸிக்பீ கருவிகளே பேட்டரி சென்சார்களின் சிக்னலை வாங்கி ஹப்புக்குக் கடத்துகின்றன என்பதால், அந்த பல்பை நம்பியிருந்த சென்சாரும் தொடர்பை இழக்கக்கூடும். செயலியில், மின்தடைக்குப் பின் பல்பு எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்ற அமைப்பு இருந்தால், ‘முந்தைய நிலை’ என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் இடிமழையில் மின்சாரம் போய் வரும் நள்ளிரவில் படுக்கையறை விளக்குகளும் சேர்ந்து எரியும்.

செந்தூல்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா சுவிட்சை அணைக்காமல் இருக்கமாட்டார். பல்புக்குப் பதிலாகச் சுவிட்சையே ஸ்மார்ட்டாக மாற்றலாமா?

பிரிக்பீல்ட்ஸ் அன்பர்:

மாற்றலாம், உங்கள் வீட்டுக்கு அதுவே மேலானது. ஸ்மார்ட் சுவிட்சுடன் சாதாரண எல்இடி பல்பையே போடுங்கள். அம்மா கையால் அணைத்தாலும் சென்சாரால் விளக்கை மீண்டும் ஏற்ற முடியும். வாங்குமுன் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய அடுக்குமாடிகளில் பெரும்பாலும் அது விளக்கு வரைதான் போகும், சுவிட்சுக்கு வராது. நியூட்ரல் இல்லாமல் இயங்கும் ஸிக்பீ சுவிட்சுகளும் உண்டு. ஆனால் அவற்றில் சிறிய எல்இடி பல்புகள் அணைந்த பிறகும் மினுங்கலாம், அந்த வகைச் சுவிட்ச் பிற கருவிகளின் சிக்னலையும் பொதுவாகக் கடத்தாது. வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் மட்டுமே ஒப்படையுங்கள்.