போரில் ஜெயித்தது யார்: எந்தத் தராசில் நிறுப்பது?

கணக்குப்பிள்ளை:
1965 இந்திய-பாகிஸ்தான் போர் பற்றிய இழையில் நாற்பது பதிவு ஓடியும் பேச்சு ஓர் அடி நகரவில்லை. ஒருவர் பிடித்த நிலத்தை எண்ணுகிறார், ஒருவர் எரிந்த டாங்கிகளை எண்ணுகிறார், இன்னொருவருக்கு விழுந்த விமானம்தான் கணக்கு. அதனால் இந்தத் தனி இழை. முதலில் தராசைப் பேசுவோம், அப்புறம் போரைப் பேசுவோம்.

என் தராசு எளியது. ஒவ்வொரு தரப்பும் என்ன வேண்டும் என்று போரில் இறங்கியது, முடியும்போது அது கைக்கு வந்ததா? அவ்வளவுதான். 1965 ஆகஸ்டில் பாகிஸ்தான் 'ஜிப்ரால்டர்' என்று பெயர் வைத்துக் காஷ்மீருக்குள் ஆட்களை ஊடுருவ விட்டது. மக்கள் கிளர்ந்தெழுவார்கள், காஷ்மீர் கை மாறும் என்பது திட்டம். யாரும் எழவில்லை, எதுவும் கை மாறவில்லை. 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில், ஆகஸ்ட் 5-க்கு முன்பு இருந்த இடத்துக்கே திரும்புவதாக இரு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. காஷ்மீரில் ஹாஜி பீர் கணவாயைப் பிடித்திருந்த இந்தியாவும் அதைத் திருப்பிக் கொடுத்தது. நிலக் கணக்கு சுழியம். ஆனால் ஒருவர் மாற்ற வேண்டும் என்று இறங்கினார், இன்னொருவர் மாறக் கூடாது என்று நின்றார். மாறவில்லை. இதற்கு மேல் என்ன சந்தேகம்?

பாகிஸ்தானில் செப்டம்பர் 6-ஐப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்றுதான் இந்தியப் படை லாகூர் பக்கம் எல்லை தாண்டியது, லாகூர் விழவில்லை. கதையை ஆகஸ்டில் தொடங்காமல் செப்டம்பரில் தொடங்கினால் அவர்களும் ஜெயித்தவர்கள்தான்.

தளவாய்:
ஐயா, நோக்கம் என்பது தோற்றவன் ஒளிந்துகொள்ள வசதியான இடம். குப்புற விழுந்துவிட்டு, 'விழத்தான் வந்தேன்' என்று சொல்லிவிட்டால் மீசையில் மண்ணே இருக்காது.

1979-ஐ எடுங்கள். பிப்ரவரி 17 அன்று சீனா வியட்நாமுக்குள் நுழைந்தது. அறிவித்த நோக்கம் 'பாடம் புகட்டுவது'. லாங் சோன் நகரைப் பிடித்து, மார்ச் 5 அன்று புகட்டியாயிற்று என்று அறிவித்துவிட்டு, மார்ச் 16-க்குள் வெளியேறிவிட்டது. பாடத்தை எந்தப் படிக்கல் போட்டு நிறுப்பது? கம்போடியாவிலிருந்து வியட்நாமை வெளியேற்றுவதுதான் உள்நோக்கம் என்றால், வியட்நாம் படை அங்கே 1989 வரை இருந்தது, ஆகவே தோல்வி. சோவியத் யூனியன் வியட்நாமுக்காகப் படை அனுப்பாது என்று உலகத்துக்குக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், அனுப்பவில்லை, ஆகவே வெற்றி. ஒரே போர், ஒரே நாடு. இது தராசா, ரப்பரா?

என் அளவுகோல் முரட்டுத்தனமானது. களத்தில் யார் நிற்கிறார், ஆயுதத்தை யார் கீழே வைத்தார்? 1971 டிசம்பர் 16, டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானம். திறந்தவெளியில் ஒரு மேஜை. பாகிஸ்தான் தளபதி நியாஸி கையெழுத்துப் போடுகிறார், தன் ரிவால்வரை எடுத்து இந்தியத் தளபதி அரோராவிடம் கொடுக்கிறார். சுமார் 93,000 பேர் கைதிகள். இங்கே யாருடைய நோக்கத்தையும் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லாப் போரும் மேஜை போட்டு முடிந்தால் இந்த இழையே தேவையில்லை, தம்பி.

வியட்நாம் போரில் 1968 ஜனவரி கடைசியில் நடந்த டெட் தாக்குதலை உங்கள் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். தெற்கில் போராடிய கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட் காங்கும் வட வியட்நாமும் ஒரே வீச்சில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களைத் தாக்கின. ஹியூ நகரை மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள், மற்றபடி பிடித்தது எதையும் தக்கவைக்க முடியவில்லை. பல்லாயிரம் பேரை இழந்தார்கள். களத்தில் படுதோல்வி. ஆனால் மார்ச் 31 அன்று அமெரிக்க அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் வந்து, இனி அதிபர் தேர்தலில் நிற்கவில்லை என்கிறார்.

1975 ஏப்ரலில், தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுவதற்குச் சில நாள் முன்னால், ஹாரி சம்மர்ஸ் என்ற அமெரிக்க கர்னல் ஹனோயில் வியட்நாமிய கர்னல் ஒருவரிடம், போர்க்களத்தில் நீங்கள் எங்களைத் தோற்கடித்ததே இல்லை என்றார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கலாம், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். உங்களுக்கு என் பதிலும் அதுதான்.

செல்லரித்த ஏடு:
தராசை விடுங்கள், இருவரும் யாருடைய கணக்கேட்டைப் பார்த்து நிறுக்கிறீர்கள்?

7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் பரமேசுவரவர்மனும் சாளுக்கியன் முதலாம் விக்கிரமாதித்தனும் மோதினார்கள். பல்லவரின் கூரம் செப்பேட்டைப் படித்தால், லட்சக்கணக்கில் படை திரட்டி வந்த விக்கிரமாதித்தன் உடம்பில் ஒரு கந்தையோடு ஓடுகிறான். சாளுக்கியரின் கத்வால் செப்பேட்டைப் படித்தால், அதே விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்துவிட்டு, 674-இல் காவிரிக் கரையில் உறையூரில் பாளையமிறங்கி ஜம்மென்று தானம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கந்தை கிடைத்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும்.

இன்னும் பின்னால் போனால் எகிப்தும் ஹிட்டைட் பேரரசும் மோதிய கதேஷ் போர், கி.மு. 1274 வாக்கில். எகிப்து அரசன் இரண்டாம் ராம்சேஸ் அபு சிம்பெல் கோயில் சுவர் முழுக்கத் தன் தேரையும் விழுந்து கிடக்கும் ஹிட்டைட்டுகளையும் செதுக்கி வைத்தான். கதேஷ் ஊர் மட்டும் போருக்குப் பிறகும் ஹிட்டைட்டுகள் கையிலேயே இருந்தது. நான் பார்ப்பது ஒன்றைத்தான். எதிரியின் ஏட்டிலும் ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பது எது? அதை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

மின்னல்77:
ஜெயித்தவன் எழுதுவதுதான் வரலாறு. இழையைப் பூட்டுங்கள் 😀

செல்லரித்த ஏடு:
மேலே சொன்ன இரண்டு செப்பேட்டில் ஜெயித்தவன் எழுதியது எது என்று சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். முதல் உலகப் போரில், 1918-இல் தோற்ற ஜெர்மனியிலும்தான் எழுதினார்கள். எங்கள் படை தோற்கவே இல்லை, வீட்டுக்குள்ளிருந்தே முதுகில் குத்திவிட்டார்கள் என்று. அந்தக் கதை ஹிட்லரிடம் கொண்டுபோய் விட்டது என்பது தெரிந்ததுதான்.

பின்பனி:
ஒன்றை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். எந்த நாளில் நிறுப்பது?

1973 அக்டோபர் 6 பிற்பகல் எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைத் தாண்டியது. எதிர்க்கரையில் இஸ்ரேல் மலைபோல் குவித்திருந்த மணல் அரணை, கால்வாய்த் தண்ணீரையே பம்பு வைத்துப் பீய்ச்சிக் கரைத்தார்கள். அன்று நிறுத்தால் எகிப்து வெற்றி. அக்டோபர் 15 இரவு இஸ்ரேல் மேற்குக் கரைக்குத் தாண்டியது. போர் நிற்கும்போது எகிப்தின் மூன்றாம் படை முற்றுகைக்குள் இருந்தது. இருதரப்புத் தளபதிகளும் கூடாரத்தில் உட்கார்ந்து பேசிய இடத்துக்குப் பெயரே கெய்ரோ சாலையின் 101-ஆவது கிலோமீட்டர் கல். தளவாயின் அளவுகோலில் இஸ்ரேல் வெற்றி, பேச்சே இல்லை. ஆனால் ஜெயித்த நாட்டில் விசாரணை ஆணையம் வைத்தார்கள், 1974 ஏப்ரலில் பிரதமர் கோல்டா மேயர் பதவி விலகினார். அப்புறம் 1979-இல் இரு நாட்டுக்கும் சமாதான ஒப்பந்தம், இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த சினாய் தீபகற்பம் 1982 ஏப்ரலில் எகிப்துக்குத் திரும்பியது. அதே நாளில் கூடவே போருக்கு இறங்கிய சிரியாவுக்கு, அது இழந்திருந்த கோலான் குன்றுகள் கிடைக்கவில்லை. எகிப்து அதிபர் சாதாத் சினாய் முழுசாகத் திரும்பியதைப் பார்க்கவில்லை. 1981 அக்டோபர் 6 அன்று, இந்த வெற்றியைக் கொண்டாடும் அணிவகுப்பிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

யார் ஜெயித்தார் என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன், எந்தத் தேதியில்?

தளவாய்:
தேதியை நீட்டிக்கொண்டே போனால் கடைசியில் எல்லா ராஜ்யமும் தோற்றதுதான். 949-இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடரோடு நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே செத்தான். 973-இல் ராஷ்டிரகூட அரசே காணாமல் போய்விட்டது. அதனால் தக்கோலத்தில் சோழர் ஜெயித்தார்கள் என்பீர்களா? போரின் முடிவு ஒன்று, போருக்குப் பிறகு நடந்தது இன்னொன்று. சினாயை வாங்கித் தந்தது அமெரிக்காவில், கேம்ப் டேவிட்டில் நடந்த பேச்சுவார்த்தை. அதைப் பம்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

பின்பனி:
அந்தப் பம்பு இல்லாமல் கேம்ப் டேவிட்டுக்கு யார் வந்திருப்பார்கள்? 1971-இலேயே சாதாத் பேசக் கூப்பிட்டார், ஒன்றும் நடக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
பின்பனியின் உதாரணம் எனக்குத்தான் சாதகம். சாதாத்துக்கு வேண்டியிருந்தது போர் வழியாக சினாய் இல்லை, பேச்சு மேஜை. அது கிடைத்தது. இஸ்ரேலுக்கும் பெரிய எதிரி ஒருவன் களத்தை விட்டுப் போனான். ஒரு போரில் இருவருமே ஜெயிக்கலாம். இருவருமே தோற்கவும் செய்யலாம். 1980 முதல் 1988 வரை ஈராக்கும் ஈரானும் அடித்துக்கொண்டு, எல்லை தொடங்கிய இடத்திலேயே நின்றது. போர் நிறுத்தத்தை ஏற்பது விஷம் குடிப்பது போல என்றார் ஈரான் தலைவர் கொமேனி. ஈராக் அதிபர் சதாம் பாக்தாத்தில் வெற்றி வளைவு கட்டினார்: குறுக்கே நிற்கும் இரண்டு ராட்சத வாள்கள், பிடித்திருப்பது சதாமின் கைகளையே வார்ப்பெடுத்துச் செய்தவை, அடியில் ஈரானிய வீரர்களின் தலைக்கவசங்கள். அதைத் திறந்து வைத்தது 1989-இல். மறு வருடமே, குவைத்தில் மாட்டிக்கொண்டதும், எதை எதிர்த்துப் போருக்குப் போனாரோ ஈரானோடு போட்ட அந்த 1975 எல்லை ஒப்பந்தத்தை மறுபடி ஏற்றுக்கொண்டார். வளைவு பாட்டுக்கு நின்றது.

தளவாய்:
சரி, ஒரே ஒரு போரைத் தருகிறேன். உங்கள் தராசில் வைத்து ஒரே பதில் சொல்லுங்கள். பின்லாந்து, குளிர்காலப் போர்.

1939 அக்டோபரில் ஸ்டாலின் பேச்சு மேஜையில் கேட்டது லெனின்கிராட் அருகே கொஞ்சம் நிலம், ஹாங்கோவில் ஒரு தளம், இன்னும் சில. பின்லாந்து மறுத்தது. நவம்பர் 30 அன்று போர். 1940 மார்ச் 13 அன்று முடிந்தபோது, கேட்டதைவிட அதிகமாகவே சோவியத்துக்குப் போனது, வீபுரி நகரம் உட்பட. நாட்டில் பத்தில் ஒரு பங்கு. கேட்டதும் வந்தது, கேட்காததும் வந்தது. உங்கள் விதிப்படி சோவியத் வெற்றி. பிறகு ஏன் ஊர் உலகமெல்லாம் பின்லாந்தைப் புகழ்கிறது?

கணக்குப்பிள்ளை:
மேஜையில் கேட்டதை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் போர் தொடங்கிய மறுநாளே, எல்லையோர தெரியோக்கியில், குசினென் என்ற பின்லாந்து கம்யூனிஸ்ட் தலைமையில் ஒரு 'பின்லாந்து மக்கள் அரசை' ஸ்டாலின் உட்கார வைத்தார். கொஞ்சம் நிலம் போதும் என்பவன் எதற்கு முழு நாட்டுக்கும் அரசாங்கம் தயார் செய்கிறான்? மார்ச்சில் அந்த அரசைச் சுருட்டி வைத்துவிட்டு, ஹெல்சிங்கி அரசோடுதான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வாய் சொன்னதை விட்டுவிட்டு, கை தயார் செய்ததைப் பார்க்க வேண்டும். என் விதியில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறேன்.

தளவாய்:
திருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது தீர்ப்பு சொல்வது தராசு இல்லை, நீங்கள். எந்த ஆதாரத்தை நோக்கம் என்று எடுப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் முள் ஆடத்தான் செய்கிறது.

வடலி:
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். முள்ளிவாய்க்காலை இதுவரை ஒருவரும் உதாரணமாக இழுக்கவில்லை, அதற்கு நன்றி. நானும் இழுக்கப்போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பின்லாந்து இழந்த அந்த நிலத்தில் பெரும்பகுதியான கரேலியாவிலிருந்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் வீட்டை விட்டுப் போனார்கள். பின்லாந்து அதை மீட்டதும் சிலர் 1941-க்குப் பிறகு திரும்பி வந்து வீட்டைத் திருத்தி, அது மறுபடி பறிபோன 1944-இல் மறுபடியும் போனார்கள். பின்லாந்து ஜெயித்தது, சோவியத் ஜெயித்தது என்று எழுதுகிறீர்களே, அந்தச் சனத்தை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

தளவாய்:
வடலி, அதை யாரும் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டோம். ஆனால் போரால் யாருக்கு என்ன ஆனது என்பது வேறு கேள்வி. யார் ஜெயித்தார் என்பது வேறு. இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் பதில் கிடைக்காது.

வடலி:
வேறு கேள்விதான். ஆனால் இந்த இழையில் இருபது பதிவுக்குக் கிட்ட வந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்திருக்கிறது.

செல்லரித்த ஏடு:
இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்ட ஒருத்தி இருக்கிறாள். வெண்ணிப் போரில் கரிகாலன் ஜெயித்தான். எதிர்த்து நின்ற சேரன் முதுகில் பட்ட புண்ணுக்கு வெட்கி, வடக்கிருந்து, அதாவது உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து, உயிர் விட்டான். சங்கப் புலவர் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனிடமே பாடியதன் சாரம்: வென்றவன் நீதான், ஆனால் அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா? வெற்றியை அவள் மறுக்கவில்லை, தளவாய் அதைக் கவனிக்க வேண்டும். வெற்றியோடு பேச்சை முடித்துக்கொள்ளவும் இல்லை. ராஜா முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

தளவாய்:
கவனித்தேன், ஏடு. ஒன்று எனக்கு, ஒன்று வடலிக்கு.

மின்னல்77:
அப்போ கொரியா? ஒரு வரியில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒரு வரியில் வராது. 1950 ஜூனில் வடக்கு முழு நாட்டையும் கேட்டு இறங்கியது, கிடைக்கவில்லை. அக்டோபரில் தெற்குக்காக வந்த ஐ.நா. படை, இரண்டையும் பிரித்த 38-ஆவது அட்சக்கோட்டைத் தாண்டி அதே முழு நாட்டைக் கேட்டது, சீனா உள்ளே வந்தது, அவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஜூன் நோக்கத்தில் தெற்கு ஜெயித்தது, அக்டோபர் நோக்கத்தில் தோற்றது.

தளவாய்:
என் அளவுகோலில் இன்னும் எளிது. 1953 ஜூலை 27 அன்று போட்டது போர் நிறுத்தம் மட்டும்தான், சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. ஆகவே மின்னல், இழையைப் பூட்ட முடியாது.