திரும்பத் திரும்ப வரும் வேலைகள்: பட்டியல் முழுக்கச் சிவப்பு, என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:
சின்னதாகக் கணக்கு எழுதும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஆபீஸ் வேலை, வீட்டு வேலை எல்லாம் டுடூயிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் ஆப்பில் ஒரே இடத்தில்தான். மாதாமாதம் 11-ந்தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ந்தேதி 3பி (வரி கட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்), ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ந்தேதிகளில் அட்வான்ஸ் டாக்ஸ், அப்புறம் வாட்டர் ஃபில்டர், ஏசி சர்வீஸ், வண்டிக்கு ஆயில், மாடியில் இருக்கும் செடிகளுக்கு உரம். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் போதும், தேதி தாண்டிய வேலைகளால் பட்டியல் முழுக்கச் சிவப்பு. 15 நாளுக்கு ஒருமுறை என்று போட்ட உரத்தைப் பத்து நாள் தாமதமாகப் போட்டு டிக் அடித்தால், அஞ்சாம் நாளே மறுபடி உரம் போடு என்கிறது. செடி கருகிவிடாதா? வேறு ஆப்புக்கு மாறத்தான் வேண்டுமா?

இமாக்ஸ்பித்தன்:
மாற வேண்டாம், உங்கள் ஆப்பிலேயே வழி இருக்கிறது. "எவ்ரி" என்று எழுதினால் பழைய தேதியிலிருந்து எண்ணும், கூடவே ஒரு ஆச்சரியக்குறி போட்டு "எவ்ரி!" என்றால் முடித்த நாளிலிருந்து எண்ணும். உரம், ஃபில்டர், ஆயில் மூன்றுக்கும் ஆச்சரியக்குறி. ஜிஎஸ்டிக்கு மறந்தும் போட்டுவிடாதீர்கள், ஒரு மாதம் 23-ந்தேதி தாக்கல் செய்தீர்கள் என்றால் அடுத்த மாதமும் 23-க்குத்தான் நினைவூட்டும், தாமதக் கட்டணம் அதற்குள் ஓட ஆரம்பித்திருக்கும். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால், நான் தாமதித்தால் அடுத்த தவணையும் தள்ளிப்போகுமா என்று மட்டும் பாருங்கள். வருமான வரித்துறை தள்ளிப்போடாது, செடி தள்ளிப்போடும்.

நான் ஆர்க்-மோடில் (இமாக்ஸ் என்ற எடிட்டருக்குள் வேலைப்பட்டியல் வைக்கும் வசதி) இருக்கிறேன், அங்கே இதற்கு மூன்று குறி. + போட்டால் பழைய தேதியோடு ஒரு தவணையை மட்டும் கூட்டும், மூன்று மாதம் பாக்கி என்றால் டிக் அடித்த பிறகும் வேலை கடந்துபோன ஒரு தேதியில்தான் நிற்கும். வாடகை மாதிரி ஒவ்வொரு மாதத்தையும் தீர்த்தே ஆக வேண்டிய பாக்கிக்கு அதுதான் சரி. ++ போட்டால் விட்டுப்போனதையெல்லாம் தாண்டி, கிழமை மாறாமல் வரப்போகும் நாளுக்குப் போகும், வாராந்திரக் குப்பை வண்டிக்குப் பொருத்தம். .+ என்பது உங்கள் ஆச்சரியக்குறியேதான்.

மாடித்தோட்டம்:
எனக்கு இதில் பாதி உடன்பாடில்லை. உரத்துக்கும் ஏசிக்கும் தேதியே எதற்கு? தேதி போட்டதால்தான் அது சிவப்பாகிறது, நாலு சிவப்பைப் பார்த்துப் பழகிவிட்டால் ஜிஎஸ்டி சிவப்பும் கண்ணில் படாது, ஆபத்து அங்கேதான். நான் சனிக்கிழமை காலையில் "வீட்டைச் சுற்றிப் பார்" என்று ஒரே ஒரு வேலை வைத்திருக்கிறேன், அதற்குள் தேதியில்லாத ஒரு பட்டியல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைசியாகச் செய்த நாள். பார்ப்பேன், தேவையானதைச் செய்வேன், மீதி கிடக்கும். தேதி தப்பினால் அபராதமோ அவமானமோ வரும் வேலைக்கு மட்டும்தான் என் பட்டியலில் தேதி.

கணக்குப்பிள்ளை:
அவமானம் என்றால் மாமியார் பிறந்தநாளா, மேடம்? 😀 சரி, இன்னொன்று. 3பி 20-ந்தேதி காலையில்தான் தலைகாட்டுகிறது, அன்றைக்குப் பார்த்து போர்ட்டல் மெதுவாக இருக்கும். மாதக் கடைசியில் செய்யும் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை கூகுள் காலண்டரிலும் 31-ந்தேதிக்குப் போட்டுப் பார்த்தேன், சில மாதம் வருவதே இல்லை.

இமாக்ஸ்பித்தன்:
31 எல்லாரையும் கடிக்கும். கூகுள் காலண்டரில் மாதாமாதம் 31 என்றால் 30 நாள் மாதத்தையும் பிப்ரவரியையும் தாண்டிவிடும். அது பிழை இல்லை, காலண்டர்களுக்குப் பொதுவான ஆர்எஃப்சி 5545 விதியே அப்படித்தான், இல்லாத தேதியை விட்டுவிடச் சொல்கிறது. சரிபார்ப்பை 1-ந்தேதிக்கு மாற்றுங்கள், அன்றைக்குத்தானே முழு மாத ஸ்டேட்மென்ட்டும் கையில் இருக்கும்.

3பிக்கு 20 என்பது கடைசி நாள், தொடங்கும் நாள் இல்லை. ஆர்க்-மோடில் இரண்டும் தனித்தனி, கெடு என்று குறித்தால் 14 நாள் முன்பிருந்தே அஜெண்டாவில், அதாவது அன்றன்றைய வேலைகளைக் காட்டும் பக்கத்தில், நிற்கும். டுடூயிஸ்டில் 14-ந்தேதிக்கு "3பி தொடங்கு" என்று ஒரு வேலை போட்டு, பெயரிலேயே "கெடு 20" என்று எழுதிவிடுங்கள்.

மாடித்தோட்டம்:
ஈபி பில்லையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ரீடிங் எடுக்கிற நாள் முன்னே பின்னே ஆகும், கெடுவும் அதோடு நகரும். எஸ்எம்எஸ் வந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே கட்டிவிட்டால் அது பட்டியலுக்கே வர வேண்டியதில்லை.