திக்கிப் பேசும் குழந்தையின் கவனமும் அவசரமும்: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். 7 வயதாகும் என் மகனுக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சில் திக்கல் இருக்கிறது. அதற்கான பயிற்சியும் நடந்து வருகிறது. கேள்வி முடியும் முன்பே விடை சொல்லப் பாய்வதும், தன் முறை வரும்வரை காத்திருக்க இயலாததும், எடுத்த வேலையைப் பாதியில் விட்டு நகர்வதும் அண்மையில் அதிகமாகத் தெரிவதால், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறுக்கான பரிசோதனையும் தேவையா என்ற குழப்பத்தில் இருக்கிறேன்.

குறிப்பிட்ட படம் தோன்றினால் மட்டுமே பொத்தானை அழுத்த வேண்டிய கணினிச் சோதனையில், திக்கிப் பேசும் குழந்தைகள் மற்றவர்களைவிட அவசரப்பட்டு அதிகம் தவறியதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அதை வைத்து, திக்குகின்ற ஒவ்வொரு குழந்தைக்கும் கவனக் குறைபாடு உண்டு என்று கொள்ள முடியாது. சொல் சிக்கிக்கொள்ளுமோ என்ற அச்சத்தில் முந்திக்கொண்டு பேசுவதும், அடுத்த சொல்லை நினைத்தே கவனம் சிதறுவதும் பார்ப்பவருக்குத் தன்னைக் கட்டுப்படுத்த இயலாமையாகத் தோன்றிவிடுமே என்பதுதான் என் பெருங்கவலை.

திக்கலால் வருவதையும் ஏ.டி.எச்.டி.யால் வருவதையும் பிரித்தறிய யாரை முதலில் அணுகினீர்கள், பேச்சுப் பயிற்சியாளரையா, குழந்தை மனநல மருத்துவரையா? ஏ.டி.எச்.டி. மருந்துகளில் சில, சிலருக்குத் திக்கலைக் கூட்டுவதுண்டு என்பதால், மருந்து தொடங்கிய பெற்றோர் தாங்கள் கண்ட மாற்றத்தையும் தயவுசெய்து எழுதுங்கள். பயிற்சியின்போது அவனுடைய பொறுமையை வளர்க்க உதவிய விளையாட்டுகள் இருந்தால் அவற்றையும் அறிய விரும்புகிறேன்.