ஐரிஷ் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்: ‘பியன்’ எப்படி ‘ம்னா’ ஆனது?

அயர்லாந்தின் கால்வே நகரில் பப் ஒன்றில் கழிப்பறைக் கதவுகளில் ‘ஃபிர்’, ‘ம்னா’ என்று எழுதியிருந்தது. ‘எம்’ எழுத்தைப் பார்த்து, ஆண்களுக்கானது என்று ‘ம்னா’ கதவைத் தள்ளிவிட்டேன். உள்ளிருந்து ஒரு பாட்டி முறைத்தார்! ம்னா என்றால் பெண்கள்.

அப்புறம் அகராதியைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. பெண் ‘பியன்’. பெண்ணுடைய, பெண்கள் இரண்டுக்குமே ‘ம்னா’. பெண்களுடைய என்றால் ‘பன்’. கிரேக்க ‘கினே’, ஆங்கில ‘குவீன்’ எல்லாம் இதே வேர்தானாம்.

பழைய ‘ப்ன’ ஒலிதான் ‘ம்ன’ ஆனது என்கிறார்கள். சரி, இதே மாற்றம் வேறு ஐரிஷ் சொற்களிலும் உண்டா? நான்காம் வேற்றுமை வடிவமான ‘ம்னீ’யை இன்றும் யாராவது பேச்சில் சொல்கிறார்களா? தெரிந்தவர்கள் எடுத்துக்காட்டோடு சொல்லுங்களேன்.