ஸ்ஃபிங்க்ஸ் பில்ட் பாதியில் நின்றுவிடுகிறது, அவசர உதவி தேவை

கவின்_உட்லண்ட்ஸ் | திங்கள், இரவு 11:42

வணக்கம். எங்கள் ஃப்ரேம்வொர்க்குக்கு (செயலிகள் கட்டுவதற்கான நிரல் சட்டகம்) ஆவணம் தயாரிக்க ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவியைப் போட்டிருக்கிறேன். பில்ட் (ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஓட்டம்) கொடுத்தால் பாதியில் அப்படியே நிற்கிறது. சர்வரில் ஓட்டினால் வேறு பிழை வருகிறது. அடுத்த திங்கள் புது இன்டர்ன்கள் வருகிறார்கள், அதற்குள் அவர்கள் கையில் ஏதாவது கொடுத்தாக வேண்டும். தேடிக் கிடைத்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பொங்கோல்_பாலா | திங்கள், இரவு 11:58

கவின், இதை மட்டும் வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. என்ன ஃப்ரேம்வொர்க், எந்த மொழி? விண்டோஸா லினக்ஸா? பதிப்பு எண்கள் என்ன? நிற்கும்போது திரையில் கடைசியாக இருக்கும் வரி எது? "வேறு பிழை" என்றால் அந்தச் செய்தியை முழுதாகப் போடுங்கள்.

எழுத்துரு_அன்பன் | செவ்வாய், காலை 6:30

பிடிஎஃப் எடுக்கிறீர்களா? ஆவணத்தில் தமிழ் இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். பிடிஎஃப் செய்ய ஸ்ஃபிங்க்ஸ் வழக்கமாகப் பிடிஎஃப்லாடெக் என்ற நிரலைத்தான் கூப்பிடும், அதற்குத் தமிழ் வராது. அமைப்புக் கோப்பில் லாடெக் எஞ்சினை ஸீலாடெக் என்று மாற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கொடுங்கள். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்துவிடும்.

கவின்_உட்லண்ட்ஸ் | செவ்வாய், காலை 8:05

எம்ஆர்டியிலிருந்து எழுதுகிறேன். பிடிஎஃப் இல்லை, எச்டிஎம்எல்.

பைத்தான் 3.11, பைசைடு6 (சாளரங்கள் செய்யும் க்யூடியைப் பைத்தானில் பயன்படுத்தத் தருவது). சமூக மன்றத்து வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் விளையாட்டுச் செயலிகள் செய்வதற்கான ஃப்ரேம்வொர்க் இது. எழுத்தட்டையை இழுத்துப் பொருத்துவது, ஒலியைக் கேட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது, இந்த மாதிரி. இதை எழுதிய பையன் தேசிய சேவைக்குப் போய்விட்டான், இப்போது புலாவ் தெக்கோங் பயிற்சி முகாமில் இருக்கிறான். புக் அவுட் ஆகி (முகாமிலிருந்து விடுப்பில்) வந்தால்தான் பேசவே முடியும். அதனால்தான் ஆவணம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்குள் இன்டர்ன்கள் இதை வைத்துப் புதிய விளையாட்டுகள் செய்ய வேண்டும்.

மடிக்கணினி விண்டோஸ் 11, சர்வர் உபுண்டு 22.04. குறியீட்டிலிருந்தே விளக்கங்களை எடுக்கும் ஆட்டோடாக் என்ற ஸ்ஃபிங்க்ஸ் நீட்சியைப் போட்டிருக்கிறேன். மடிக்கணினியில் "ரீடிங் சோர்சஸ்" வரியோடு நிற்கிறது. சர்வரில் "குட் நாட் கனெக்ட் டு டிஸ்ப்ளே" என்று வந்து, எக்ஸ்சிபி பிளகினை (லினக்ஸ் திரையோடு க்யூடியை இணைப்பது) ஏற்ற முடியவில்லை என்று சொல்லி விழுந்துவிடுகிறது.

லினக்ஸ்_லதா | செவ்வாய், காலை 8:20

எக்ஸ்சிபி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. க்யூடி 6.5 முதல் லினக்ஸில் எக்ஸ்சிபி பிளகினுக்கு லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 என்ற பேக்கேஜ் கட்டாயம் வேண்டும். பைத்தானின் பிப் அதைக் கொண்டுவராது, உபுண்டுவின் ஏப்டியில்தான் நிறுவ வேண்டும். எங்கள் அலுவலகத்திலும் இதே பிழைதான் வந்தது.

தினேஷ்_டெவ்ஆப்ஸ் | செவ்வாய், காலை 9:10

எதற்கு இவ்வளவு சிரமம்? ஆட்டோடாக்கில் மாக் இம்போர்ட்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் பைசைடு6 என்று எழுதிவிடுங்கள், உண்மையானதற்குப் பதில் போலி ஒன்றை வைத்துக்கொள்ளும். க்யூடியை நிறுவாமலேயே பில்ட் ஓடும். சர்வரில் எப்போதும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

மூத்த_நிரலர் | செவ்வாய், காலை 9:45

கேள்வி கேட்கும் முன் கருவியின் கையேட்டைப் படிக்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. தம்பி, க்யூடிக்கென்றே க்யூடாக் என்ற ஆவணக் கருவி இருக்கிறது. க்யூடியின் அத்தனை பக்கங்களும் அதில் உருவானவைதான். க்யூடியில் வேலை செய்துகொண்டு ஸ்ஃபிங்க்ஸைப் பிடித்துத் தொங்குவது ஏன்? க்யூடாக் வேண்டாம் என்றால் டாக்ஸிஜன் 1997 முதல் இருக்கிறது. அது குறியீட்டைப் படிக்கும், ஓட்டாது. இந்தச் சிக்கலே வந்திருக்காது.

பொங்கோல்_பாலா | செவ்வாய், காலை 10:02

ஐயா, க்யூடாக் சி பிளஸ் பிளஸ்ஸுக்கும் க்யூஎம்எல்லுக்கும்தான். பைத்தான் டாக்ஸ்ட்ரிங்கை (குறியீட்டுக்குள் எழுதும் விளக்கத்தை) அது எடுக்காது. பைசைடின் சொந்த ஆவணத்தையே க்யூடாக்கிலிருந்து வரும் எக்ஸ்எம்எல்லை ஷிபோகென் என்ற கருவி மூலம் மாற்றி, கடைசியில் ஸ்ஃபிங்க்ஸில்தான் உருவாக்குகிறார்கள். கவின் எடுத்த கருவி சரியானதுதான். டாக்ஸிஜன் குறியீட்டை ஓட்டாது என்று நீங்கள் சொன்னதும் சரி, காரணம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கவின், மடிக்கணினியில் நிற்கும்போது வேறு ஏதாவது சாளரம் திறக்கிறதா? டாஸ்க்பாரில் பாருங்கள்.

கவின்_உட்லண்ட்ஸ் | செவ்வாய், மதியம் 12:50

ஆமாம், எழுத்தட்டை டெமோ திறக்கும். அது எப்போதும் திறப்பதுதானே. மூடிவிட்டால் பில்ட் மேலே போகிறது. ஆனால் அந்த மாட்யூலின் பக்கம் காலியாக இருக்கிறது. மாட்யூல் அளவில் ஏதோ ஓடுகிறது, அது சிஸ் எக்ஸிட்டைக் கூப்பிடலாம் என்று ஓர் எச்சரிக்கையும் வருகிறது.

பொங்கோல்_பாலா | செவ்வாய், மதியம் 1:15

விடை அந்த எச்சரிக்கையிலேயே இருக்கிறது.

ஆட்டோடாக் கோப்பை வெறுமனே வாசிப்பதில்லை. உண்மையாகவே இம்போர்ட் செய்து, அப்புறம்தான் கிளாஸ்களின் டாக்ஸ்ட்ரிங்கை எடுக்கிறது. இம்போர்ட் செய்தால் கோப்பின் மேல்மட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஓடும். அந்தப் பையன் தான் சோதித்துப் பார்ப்பதற்காகக் கோப்பின் அடியில் க்யூஅப்ளிகேஷனை உருவாக்கி, டெமோவைக் காட்டி, சிஸ் எக்ஸிட்டுக்குள் எக்ஸெக்கைக் கூப்பிட்டிருப்பான். எக்ஸெக் நிகழ்வுச் சுழலுக்குள் போய்விட்டால் கடைசிச் சாளரத்தை மூடும்வரை திரும்பாது. அதனால்தான் பில்ட் அங்கேயே நிற்கிறது. நீங்கள் மூடியதும் சிஸ் எக்ஸிட் ஓடி இம்போர்ட் முறிகிறது, பக்கம் காலியாகிறது. சர்வரில் திரையே இல்லை, அங்கே க்யூஅப்ளிகேஷன் உருவாகும்போதே விழுந்துவிடுகிறது. இரண்டு பிழைக்கும் காரணம் ஒன்றுதான்.

அந்த வரிகளை மெயின் என்று ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளுங்கள். கோப்பை நேரடியாக ஓட்டினால் மட்டும் அதைக் கூப்பிடும்படி, வழக்கமான நேம்–மெயின் சோதனையைப் போடுங்கள். லதா சொன்ன பேக்கேஜ் தேவைதான், ஆனால் திரையில்லாத சர்வரில் அதை நிறுவினாலும் எக்ஸ்சிபி போய் இணைய எதுவும் இல்லை. அங்கே க்யூடியின் பிளாட்ஃபார்மை ஆஃப்ஸ்கிரீன் (திரையில்லாமல் ஓடுவது) என்று வைத்துவிடுங்கள்.

லினக்ஸ்_லதா | செவ்வாய், மதியம் 1:31

ஒப்புக்கொள்கிறேன், டிஸ்ப்ளே வரியைக் கவனிக்காமல் பிளகின் வரிக்குத் தாவிவிட்டேன். ஆஃப்ஸ்கிரீனில் ஓட்டினாலும் லிப்இஜிஎல்1 சர்வரில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் க்யூடி ஜியுஐ இம்போர்ட்டே நடக்காது.

தினேஷ்_டெவ்ஆப்ஸ் | செவ்வாய், மதியம் 1:40

மாக் செய்தால் இதெல்லாம் வேண்டியதே இல்லை என்றுதான் சொன்னேன்.

பொங்கோல்_பாலா | செவ்வாய், மதியம் 1:52

பில்ட் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் போலி க்யூவிட்ஜெட்டிலிருந்து வரும் கிளாஸுக்கு எந்த மெத்தட் தாய் கிளாஸிலிருந்து வந்தது என்று தெரியாது. அதைவிட முக்கியம், இம்போர்ட் செய்தாலே சாளரம் திறக்கும் ஃப்ரேம்வொர்க்கை நாளைக்கு யாரும் சோதிக்கவும் முடியாது. மாக் போட்டால் அந்தக் குறை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஜூரோங்_செல்வி | செவ்வாய், மாலை 6:25

பில்ட் சரியாகிவிடும். அதற்கப்புறம் வருவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வரும் இன்டர்ன்களோடு வேலை செய்கிறேன். ஆட்டோடாக் பக்கங்களை மட்டும் கொடுத்து உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். "செட்வேல்யூ: மதிப்பை அமைக்கும்" என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைப் படித்தாலே அது தெரிகிறதே!

லைப்ரரியை நாம் கூப்பிடுகிறோம். ஃப்ரேம்வொர்க் நம்மைக் கூப்பிடுகிறது. ஆகவே அதன் ஆவணம் முதலில் சொல்ல வேண்டியது, எதை ஓவர்ரைடு செய்ய (நம் கிளாஸில் மாற்றி எழுத) வேண்டும், அது எப்போது கூப்பிடப்படும், உள்ளே சூப்பரை (தாய் கிளாஸின் மெத்தட்டை) கூப்பிட வேண்டுமா கூடாதா என்பது. க்ளோஸ்ஈவென்ட்டில் நிகழ்வை இக்னோர் செய்தால் சாளரம் மூடாது. பிள்ளை பாதி விளையாட்டில் தவறி மூடினால் காப்பாற்றுவது அதுதான். உங்கள் விளையாட்டுகள் அதைச் செய்கின்றனவா என்பதை மெத்தட் பெயரைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது உரிமை. ஒரு ஃபங்ஷனுக்குள் பேரன்ட் (அதைத் தாங்கும் மேல் விட்ஜெட்) இல்லாமல் ஒரு சாளரத்தை உருவாக்கி ஷோ கொடுத்துவிட்டுத் திரும்பினால், பைத்தான் அந்த மாறியோடு சாளரத்தையும் அழித்துவிடும். கண்ணிமைக்கும் நேரம் தெரிந்து மறையும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள். "எழுத்தட்டைக்குப் பேரன்ட் கட்டாயம், மேடைதான் அதை வைத்திருக்கும்" என்று ஒரு வரி இருந்தால் ஒரு பிற்பகல் மிச்சம்.

மூன்றாவது சிக்னல், அதாவது நடந்ததை மற்ற பகுதிகளுக்கு அறிவிப்பது. க்யூஸ்லைடரில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பையே மறுபடி அமைத்தால் வேல்யூசேஞ்ச்டு வராது. உங்கள் சிக்னல்கள் எப்படி? ஒலிக்கோப்பை வேறு த்ரெட்டில் ஏற்றுகிறீர்களா? அப்படியானால் அங்கிருந்து விட்ஜெட்டைத் தொடக்கூடாது, சிக்னல் அனுப்பித்தான் சொல்ல வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

மூத்த_நிரலர் | செவ்வாய், இரவு 8:10

இதெல்லாம் க்யூடி தெரிந்தவனுக்குத் தெரிந்தது. ஒவ்வோர் ஆவணத்திலும் க்யூடியின் அரிச்சுவடியைத் திருப்பி எழுத முடியுமா? நல்ல குறியீட்டுக்குப் பெயர்களே போதும். மூலக் குறியீட்டைத் திறந்து படிக்கத் தெரியாத இன்டர்னுக்கு எவ்வளவு எழுதினாலும் பயனில்லை.

ஜூரோங்_செல்வி | செவ்வாய், இரவு 8:34

அரிச்சுவடி வேண்டாம் ஐயா. க்யூடியின் பக்கத்துக்கு இன்டர்ஸ்ஃபிங்க்ஸ் என்ற நீட்சி வழியாக இணைப்புக் கொடுத்தால் போதும். நான் கேட்பது இந்த ஃப்ரேம்வொர்க் எடுத்த முடிவுகளை. அவை எழுதிய பையனின் தலையில் இருக்கின்றன, அவனோ தெக்கோங்கில் இருக்கிறான். மூலக் குறியீடு என்ன நடக்கிறது என்று சொல்லும், எதை நம்பலாம் என்று சொல்லாது. இன்று அப்படி ஓடுகிறது என்பதும், நாளையும் அப்படியே ஓடும் என்று உறுதி தருவதும் வேறு வேறு.

தினேஷ்_டெவ்ஆப்ஸ் | செவ்வாய், இரவு 8:50

செல்வி அக்கா சொல்வது சரி, ஆனால் திங்களுக்குள் இவ்வளவையும் எழுத முடியுமா? டேனியெலே ப்ரோசிடாவின் டயாடாக்ஸிஸ் முறையில் ஆவணத்தைப் பயிற்சி, செய்முறை, உசாத்துணை, விளக்கம் என்று நான்காகப் பிரிப்பார்கள். ஆட்டோடாக் கொடுப்பது உசாத்துணை மட்டும்தான். முதல் வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சிப் பக்கம் எழுதுங்கள்: காலிக் கோப்பிலிருந்து ஓர் அட்டை திரையில் நகரும் வரை.

ஜூரோங்_செல்வி | செவ்வாய், இரவு 8:58

ஆமாம், அதிலிருந்து தொடங்கட்டும். படங்களைக் கையால் எடுக்காதீர்கள் கவின், அடுத்த மாதமே பழசாகிவிடும். விட்ஜெட்டின் கிராப் மெத்தட்டைக் கூப்பிட்டு, கிடைப்பதை பிஎன்ஜியாகச் சேமிக்கலாம். ஆஃப்ஸ்கிரீனிலும் வேலை செய்யும். ஒவ்வொரு பில்டிலும் புதுப் படம்.

எழுத்துரு_அன்பன் | செவ்வாய், இரவு 9:20

அப்படியென்றால் சர்வரில் தமிழ் எழுத்துரு வேண்டும்! இல்லாவிட்டால் அட்டைகளில் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். உபுண்டுவில் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் நிறுவினால் நோட்டோ சான்ஸ் தமிழ் வந்துவிடும்.

கவின்_உட்லண்ட்ஸ் | புதன், இரவு 10:40

மெயினுக்குள் மாற்றினேன், சாளரம் திறப்பது நின்றுவிட்டது. ஆனால் இப்போது க்யூபிக்ஸ்மேப்புக்கு (க்யூடியின் படப் பொருள்) முன் க்யூஜியுஐஅப்ளிகேஷனை உருவாக்க வேண்டும் என்று சொல்லி நிற்கிறது. மேல்மட்டத்தில் எந்தப் படத்தையும் ஏற்றவில்லை, கோப்பு முழுதும் தேடிவிட்டேன்.

பொங்கோல்_பாலா | புதன், இரவு 10:55

டெஃப் வரிகளைப் பாருங்கள். அட்டையின் இனிட்டில் படம் என்ற அளபுருவுக்கு இயல்பு மதிப்பாக ஒரு க்யூபிக்ஸ்மேப்பையே கொடுத்திருக்கிறானா? இயல்பு மதிப்பு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது உருவாவதில்லை. டெஃப் வரி ஓடும்போதே, அதாவது இம்போர்ட்டிலேயே உருவாகிவிடும். இதுவரை டெமோவின் க்யூஅப்ளிகேஷன் வேறு மாட்யூலில் முன்பே உருவாகியிருந்ததால் தெரியவில்லை. இயல்பு மதிப்பை நன் (None, எதுவுமில்லை) என்று வைத்து, இனிட்டின் உள்ளே நன்னாக இருந்தால் மட்டும் படத்தை ஏற்றுங்கள். கிளாஸ் அளவில் படம் வைத்திருந்தாலும் இதே கதைதான்.

கவின்_உட்லண்ட்ஸ் | வியாழன், காலை 7:48

அதேதான், இனிட்டில் இருந்தது. இரண்டிலும் பில்ட் முழுதாக ஓடுகிறது. பயிற்சிப் பக்கம் பாதி எழுதியாகிவிட்டது. பேரன்ட், சிக்னல் கேள்விகளை அவனுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வந்ததும் உட்கார்ந்து பதில் வாங்கிவிடுவேன். எல்லோருக்கும் நன்றி.

மெக்பர்சன்_மீனா | ஞாயிறு, மாலை 4:15

எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் க்யூடி இல்லை, டிகேஇன்டர் (பைத்தானின் வேறொரு சாளர லைப்ரரி). ஆஃப்ஸ்கிரீன் வைத்தும் சர்வரில் விழுகிறது.

லினக்ஸ்_லதா | ஞாயிறு, மாலை 5:02

ஆஃப்ஸ்கிரீன் க்யூடிக்கு மட்டும்தான் மீனா. டிகேக்கு அப்படி ஒன்று கிடையாது, போலித் திரை தரும் எக்ஸ்விஎஃப்பி-ரன்னை முன்னால் போட்டு ஓட்டுங்கள். மெயின்லூப் மேல்மட்டத்தில் இருந்தால் அதையும் உள்ளே தள்ளுங்கள். அப்புறம் எந்த லினக்ஸ், பிழைச் செய்தி என்ன என்று போட்டுப் புது இழை ஒன்று தொடங்குங்கள்.